மூன்று மாதமாகக் காலியாக இருக்கும் யோசனைப் பெட்டி

கேள்வி, 2025 ஜனவரி 18

பண்டாரவளைப் பக்கம் ஒரு தேயிலை ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில், உதவி உத்தியோகத்தராக இருக்கிறேன். ஒபிஸ் வாசலில் யோசனைப் பெட்டி வைத்து மூன்று மாதம் ஆகிறது. நல்ல யோசனைக்குப் பரிசு என்று நோட்டீஸும் ஒட்டினோம். ஒரு துண்டுகூட விழவில்லை. எங்கள் ஆட்கள் சொன்னதைச் செய்வார்கள், புதிதாக யோசிக்க வராது, சம்பளத்தைத் தவிர எதிலும் ஆர்வம் இல்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். வேறு அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 18, இரவு

அந்த முடிவு சரியில்லை தம்பி. பெட்டி எங்கே இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தோட்டத்துத் தொழிலாளி ஒபிஸ் பக்கம் எதற்குப் போவார்? லீவு சொல்ல, சம்பளத்தில் ஏன் குறைந்தது என்று கேட்க, சேமலாப நிதிப் படிவத்தில் கையெழுத்து வாங்க. அதுவும் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான். அந்த இடத்தில், கிளாக்கரும் கணக்கப்பிள்ளையும் பார்த்துக்கொண்டிருக்க ஒரு தாளை மடித்துப் போட்டால், அது யார் மேலோ புகார் என்றுதான் மறுநாள் பேச்சு வரும். யார் எழுத்து என்று கண்டுபிடிக்கவும் அதிக நேரம் ஆகாது.

நான் தலவாக்கலைப் பக்கத்து ஸ்டோர்களில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். நம் ஆட்களுக்கு யோசனை வராது என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. அட்டை ஏறாமல் இருக்கக் காலில் என்ன பூசலாம் என்பதிலிருந்து, மழையில் படங்குத் துணியை எப்படிச் சுற்றினால் இடுப்பு நனையாது என்பது வரை மலையில் நடக்கும் ஒவ்வொன்றும் யாரோ ஒருத்தி யோசித்துக் கண்டுபிடித்ததுதான். கம்பனி எதுவும் சொல்லித் தரவில்லை.

ஜனவரி 19

பெட்டியை, காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆகாது. மூத்த பெண்கள் பலருக்கு எழுதிப் பழக்கம் இல்லை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. எழுத நேரம் வேண்டும், நாளைக்கு வருகிறேன்.

ஜனவரி 21

சொல்ல வந்தது இதுதான். நல்ல யோசனை சொன்னவருக்குத் தோட்டத்தில் இதுவரை என்ன நடந்திருக்கிறது?

ஒரு தோட்டத்தில், பெயர் வேண்டாம், ஒரு கங்காணியின் கீழ் இருந்த பெண்கள் தாங்களாகவே ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். மலை செங்குத்து. கூடை நிறைந்ததும் ஒவ்வொருத்தியும் கீழே இறங்கி நிறுவைக்குப் போய் மறுபடி ஏறிவந்தால் பாதி நேரம் நடையிலேயே போய்விடும். அதனால் நடுவில் ஒரு மேட்டில் படங்கை விரித்துக் கொழுந்தைக் கொட்டி, மாறிமாறி ஒருத்தி மட்டும் சுமந்துகொண்டு போனாள். யார் பங்கு எவ்வளவு என்பதில் சண்டை வரவில்லை. ஒவ்வொருத்திக்கும் ஒரு நிறச் சீலையில் பொட்டலம். நாளுக்கு இரண்டு மூன்று கிலோ எல்லோருக்கும் கூட வந்தது.

அடுத்த மாதம் அந்த மலையின் நோர்மை, அதாவது ஒருத்தி ஒரு நாளில் எடுக்கவேண்டிய கிலோ அளவை, கூட்டிவிட்டார்கள்.

பழைய நோர்ம் எடுத்தாலே முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், விழும், மேலே எடுத்த ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக்காசு. நோர்ம் ஏறியதும் அந்தத் தனிக்காசு போய், கூடுதல் வேலை மட்டும் மிஞ்சியது. கால் வலிக்காரிகளுக்கு அரைப்பேர் விழத் தொடங்கியது. அந்தப் பெண்கள் பொட்டலம் கட்டுவதை நிறுத்திவிட்டு பழையபடி ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். நோர்ம் குறைந்ததா? இல்லை.

இதைப் பார்த்த ஒரு தலைமுறை உங்கள் பெட்டியில் எதைப் போடும்? சுலபமாக வேலை முடிக்கும் வழி ஒன்று கைவசம் இருந்தால் அதை ஒளித்து வைப்பதுதான் புத்தி. உங்கள் ஆட்கள் நன்றாக யோசித்துத்தான் சும்மா இருக்கிறார்கள்.

ஜனவரி 21, பின்னிரவு

இது தோட்டத்தோடு நிற்பதில்லை. தையல் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் அக்கா மகளிடம் இதைச் சொன்னபோது, எங்கள் லைனிலும் அதேதான் மாமா, டார்கெட் முடிய அரைமணி இருக்கும்போதே கையை மெதுவாக்கிவிடுவோம் என்றாள். அவர்களும் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு முதலில் சொல்லித்தருவது இதைத்தானாம்.

ஜனவரி 26

முதலில் சம்பளத்தைக் கொடுங்கள், ஊக்கம் தானாக வரும் என்று மஸ்கெலியாக்காரர் நீளமாக எழுதியிருக்கிறார். கோபம் நியாயமானது. அதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன்.

ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். பிட்ஸ்பர்க் பக்கத்தில் சுமார் 200 பொறியியலாளர்களையும் கணக்காளர்களையும் கேட்டு எழுதியது. சம்பளம், மேலதிகாரியின் நடத்தை, வேலை இடத்தின் நிலை ஆகியவை மோசமானால் மனிதன் வெறுத்துப்போவான், ஆனால் அவை சீரானால் மட்டும் உற்சாகம் பிறந்துவிடாது, அது வேலையிலிருந்தே, சாதித்தோம் என்ற உணர்விலிருந்தும் பிறர் அதை மதிப்பதிலிருந்தும் வருகிறது என்பது அவர் கண்டது. முகாமைத்துவ வகுப்புகளில் இதைத்தான் இன்றைக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். கேட்டவர்கள் மாதச் சம்பளக்காரர்கள் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. பேர் விழுமா விழாதா என்று ஒவ்வொரு நாளும் நிறுவையைப் பார்த்து நிற்கும் பெண்ணிடம் போய் காசு பெரிதில்லை அம்மா என்று சொன்னால் அது அவமானம். 2021இல் சம்பளச் சபை மூலம் நாளுக்கு 1000 ரூபா வந்தது, 2024 செப்டெம்பரில் 1350 ஆனது. அதை வைத்து ஒரு குடும்பம் எப்படி மாதம் ஓட்டும் என்று அரிசி, மா விலை தெரிந்த எல்லோருக்கும் தெரியும். சம்பளம் அடித்தளம், அதை நான் மறுக்கவில்லை.

மறுப்பது இதைத்தான்: காசைக் கூட்டினால் யோசனையும் கூடும் என்பதை. 1000 ரூபா வந்த கையோடு பல தோட்டங்களில் நோர்மைக் கூட்டுகிறார்கள் என்று தொழிலாளர்கள் முறையிட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கும்போது, கொடுத்தது எவ்வளவு என்பதை யாரும் நினைப்பதில்லை.

ஜனவரி 27

2016 கூட்டு ஒப்பந்தத்தில் உற்பத்தித்திறனுக்கென்று காசு கொடுத்தார்களே, அது ஏன் வேலை செய்யவில்லை என்று கேள்வி. நாள் சம்பளக் கணக்கு இது: அடிப்படை 500, வரவுக்கு 60, விலைப்பங்கு 30, உற்பத்தித்திறனுக்கு 140, எல்லாம் சேர்த்து 730. அந்த 140 நோர்ம் எடுத்தால்தான். ஒரு கிலோ குறைந்தால் போச்சு. அதனால் பின்னேரம் ஆக ஆகக் கை முத்தல் இலைக்குப் போகும். இரண்டு இலையும் மொட்டும் என்று பெரட்டில் சொல்லிவிட்டு, காசு மட்டும் எடைக்குக் கொடுத்தால் வேறு என்ன நடக்கும்? ஸ்டோரில் நாங்கள் அந்த முத்தல் இலையை வைத்துக்கொண்டு தரம் போச்சு என்று கத்துவோம். எடைக்குக் காசு கொடுத்தவர்களுக்கு எடைதான் வந்தது. 2019இல் வரவுக் காசும் உற்பத்தித்திறன் காசும் போய், அடிப்படை 700, விலைப்பங்கு 50 என்று ஆனது.

பெப்ரவரி 9

மழைநாளில் கொழுந்தின் எடையில் கழிப்பது பற்றி எழுதியிருந்த தங்கச்சிக்கு: ஈரக் கொழுந்துக்குக் கழிப்பது ஞாயம், தண்ணீருக்குக் காசு கொடுக்க முடியாது. ஆனால் எவ்வளவு கழிக்கிறோம் என்பதை நிறுவைக்காரர் முகத்தைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. நாங்கள் ஒரு காலத்தில் செய்தது: ஈரக் கொழுந்தில் ஒரு கிலோவை எல்லோர் முன்னாலும் நிறுத்து, சீலையில் உதறித் துடைத்து, மறுபடி நிறுப்பது. குறைந்தது எவ்வளவோ அதுதான் அன்றைய கழிவு. அந்த உதறலைச் செய்தது கொழுந்து எடுக்கும் ஒரு பெண். கழிவு குறையவில்லை, சில நாள் கூடக்கூடச் செய்தது. சண்டை நின்றுவிட்டது. கொடுத்த வேலைக்கு ஒழுங்காகக் கணக்கு எழுதுகிறார்கள் என்ற நம்பிக்கை வராத இடத்தில் ஊக்கம் பற்றிப் பேசுவதே வீண்.

மார்ச் 8

இப்போது மாசி. எங்கள் டிவிசனில் காமன் எரிந்த கதையை ஆடும் காமன்கூத்து நடக்கிறது. போன மாதம் எழுதியவை எல்லாம் இதைப் பார்க்கும்போது இன்னும் உறுதியாகிறது.

கொழுந்தை உருட்டும் ரோலர் இயந்திரத்துக்குக் கொழுந்து தள்ளும் ஒருவர் இருக்கிறார். ஸ்டோருக்குள் அவர் வாயே திறக்கமாட்டார். சுப்பர்வைசர் எழுதும் குறிப்பில் எப்போதும் சோம்பல், அக்கறை இல்லை. அதே மனிதர்தான் இங்கே கூத்து வாத்தியார். கம்பம் ஊன்றுவதிலிருந்து காமன் எரிப்பது வரை இரண்டு கிழமைக்கு மேல், பெரியவர்களும் பிள்ளைகளுமாக நாற்பது பேரை இரவிரவாக ஆட்டுவிக்கிறார். பாட்டு முழுவதும் மனப்பாடம். யாருக்கு ரதி வேஷம் பொருந்தும், யார் தப்பு மேளம் அடித்தால் ஆட்டம் சூடு பிடிக்கும் என்பதெல்லாம் அவர் தீர்மானம். வேஷம் கட்ட வேண்டிய பையன் கொழும்புக் கடையிலிருந்து லீவு கிடைக்காமல் வராதபோது, அரைநாளில் இன்னொருவனைத் தயார் செய்தார். இதற்கு ஒரு சதம் சம்பளம் இல்லை, கைக்காசு வேறு போகிறது.

அவருக்கு ஆர்வம் இல்லையா? முகாமைத்துவம் தெரியாதா? கூத்து அவருடையது. எப்படிச் செய்வது என்று அவரிடம் கேட்கிறார்கள். சரியாக வந்தால் ஊரே அவர் பெயரைச் சொல்கிறது, பிழைத்தாலும் அவர்தான் பதில் சொல்கிறார். ரோலருக்குப் பக்கத்தில் இதில் எதுவும் இல்லை. அங்கே அவரிடம் யாரும் ஒன்றும் கேட்டதில்லை, அவர் தள்ளிய கொழுந்து என்ன தேயிலையாக வந்தது என்று சொன்னதும் இல்லை.

மார்ச் 9

கூத்துக்காரரை டிவிசன் பெரட்டில் பாராட்டிச் சான்றிதழ் கொடுக்கலாமே என்று ஒருவர். வேண்டாம். 1973இல் அமெரிக்காவில் லெப்பர் என்பவரும் கூட இருந்தவர்களும் பாலர் பாடசாலைப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே விருப்பமான பிள்ளைகள். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று ஒரு பகுதியினரிடம் முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு சுதந்திரமாக விளையாடவிட்டபோது அந்தப் பிள்ளைகள் வரைவதில் முன்னளவு நேரம் செலவிடவில்லை. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற பிள்ளைகளிடம் அந்தக் குறைவு வரவில்லை.

மார்ச் 9, பிறகு

மேலே எழுதியதை அப்படியே ஸ்டோருக்குப் பொருத்தக்கூடாது. அந்தப் பிள்ளைகளுக்கு வரைவது முன்பே பிடிக்கும். அடுப்புக்கு விறகு தள்ளுவது யாருக்குப் பிடிக்கும்? பிடிக்காத வேலைக்குக் காசுதான் ஞாயம். தானாகச் செய்யும் காரியத்தில் பரிசைக் கொண்டுபோய் நுழைக்கவேண்டாம் என்பது மட்டும்தான் நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது.

ஏப்ரல் 2

நுவரெலியாவில் ஹோட்டல் வைத்திருப்பவர் தன் ஆட்களிடம் எப்படி யோசனை கேட்பது என்று கேட்டதற்குச் சுருக்கமாக: சீசன் தொடங்கிவிட்டது, இப்போது பயிற்சி, கூட்டம் என்று ஆட்களைப் போட்டு வாட்டாதீர்கள். மே மாதம் சனம் குறைந்ததும், அறை துடைக்கும் பிள்ளைகளிடம் விருந்தாளிகள் எதை அடிக்கடி கேட்டார்கள் என்று கேளுங்கள். வரவேற்பு மேசைக்கு வராத செய்தி அவர்களிடம் இருக்கும்.

ஏப்ரல் 20

ஆட்களுக்குத் தாங்கள் செய்த தேயிலை என்ன ஆனது என்று தெரிய வேண்டும் என்று சொன்னேனே, அதை எப்படிச் செய்வது என்று மூன்று நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள்.

நான் பார்த்ததில் அதிகம் பலன் தந்தது சுவை பார்ப்பதுதான். தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் காலையில் வரிசையாகக் கோப்பை வைத்து உறிஞ்சிப் பார்ப்பார், மற்றவர்கள் தள்ளி நின்று பார்ப்பார்கள். ஒரு டீமேக்கர் ஐயா இதை மாற்றினார். கொழுந்தைப் பரப்பி வாட்டம் போடும் ஆட்களையும் ரோலிங் ரூம் ஆட்களையும், கிழமைக்கு ஒருநாள் கொழுந்து எடுக்கும் பெண்கள் சிலரையும் கூப்பிட்டார். ஒன்று நல்ல கொழுந்து நாளில் செய்த பி.ஓ.பி. ரகத் தேயிலை, மற்றது முத்தல் வந்த நாளில் செய்த அதே ரகம். இரண்டையும் குடிக்கக் கொடுத்தார். பரம்பரையாகத் தேயிலை பறிக்கும் குடும்பத்துப் பெண், வீட்டில் தோட்டம் கொடுக்கும் தூளைத்தவிர வேறு ருசி அறியாதவர், குடித்துவிட்டு, இதுவா நாங்கள் பறித்தது என்று கேட்டார். அப்புறம் அவரே மற்றக் கோப்பையைக் காட்டி, இது அந்த மேட்டு மலை, கவ்வாத்துக்கு, வெட்டிக் குட்டையாக்க, போக வேண்டிய மரம், அதில் இனி மெல்லிய கொழுந்து வராது என்றார். அது சரியாகத்தான் இருந்தது. அந்த மலையைக் கவ்வாத்துப் பட்டியலில் முன்னால் கொண்டுவந்தார்கள்.

இன்னொன்று, கொழும்பு ஏலம் முடிந்து தரகர் அனுப்பும் அறிக்கை. டீமேக்கர் மேசைக்குள் போய்விடும் தாள் அது. அதில் எங்கள் தேயிலைக்கு என்ன விலை, பக்கத்துத் தோட்டத்துக்கு என்ன விலை, எந்த ரகத்தில் என்ன குறை என்று இருக்கும். தமிழில் நாலு வரி எழுதி ரோலிங் ரூம் சுவரில் ஒட்டினோம். ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோவுக்குமேல் பச்சைக் கொழுந்து வேண்டும் என்பதையும் பக்கத்தில் எழுதினோம். விலை தெரிந்தால் சம்பளம் கேட்பார்கள் என்று மேலே இருந்தவர்கள் பயந்தார்கள். கேட்டார்கள்தான். கேட்கட்டும், விலை நன்றாக வந்த கிழமையில் அதைக் கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் வாட்டக் கட்டிலில் காலைக் கொழுந்தையும் பின்னேரக் கொழுந்தையும் கலக்காதீர்கள், ஈரம் வேறு என்று ஆட்களே சொல்ல ஆரம்பித்ததும் அந்தச் சுவருக்குப் பிறகுதான்.

மே 11

டொயோட்டா கதையை எல்லோரும் சொல்கிறார்கள். ஆம், 1951இல் அவர்கள் தொழிலாளர் யோசனைத் திட்டம் தொடங்கினார்கள், இன்றும் நடக்கிறது. அதில் நம்மவர்கள் பார்க்காத பக்கம், பதில் சொல்லும் வேலை. யோசனை சின்னதாக இருந்தாலும் யாரோ ஒருவர் அதை வாங்கி, பார்த்து, ஆம் இல்லை என்று சொல்லியாக வேண்டும்.

எங்கள் அடுப்புக்காரர் ஒருவர் விறகுக்கு மேலே தகரம் போடச் சொன்னார். நனைந்த விறகு சூடு பிடிக்காமல் டிரையரில் தேயிலை வேகாமல் போகிறது என்பது அவர் கண்டது. ஒபிஸில் சரி என்றார்கள். ஒரு மழைக்காலம் போயிற்று, அடுத்ததும் வந்தது. தகரம் வரவில்லை. அவரைப் பார்த்து வளர்ந்த இளசுகள் எதையும் சொல்வதை விட்டுவிட்டார்கள். பிறகு வந்த துரை, தோட்டத்து முகாமையாளர், பழைய தகரத்தை வைத்து இரண்டு நாளில் போட்டுக் கொடுத்தார். விறகுச் செலவு குறைந்தது ஒரு பக்கம், அந்த மாதமே ரோலிங் ரூமிலிருந்து ஒரு பையன் பெல்ட் பற்றி வந்து பேசினான்.

முடியாது என்றால் அன்றைக்கே முடியாது என்று காரணத்தோடு சொல்லுங்கள். நம் ஆட்கள் அதைத் தாங்குவார்கள். பார்க்கலாம் என்ற பதில்தான் கொல்கிறது.

மே 12

இதற்கெல்லாம் கூட்டம் எப்போது வைப்பது என்று கேட்டவருக்கு: வேலை நேரத்துக்குள், பேர் விழும் நேரத்துக்குள். நாலரைக்கு மேல் வைக்காதீர்கள். பிள்ளைக்காம்பராவிலிருந்து பிள்ளையைத் தூக்கவேண்டும், தண்ணீர் பிடிக்கவேண்டும், அடுப்பு மூட்டவேண்டும். அந்த நேரத்தில் கூட்டம் வைத்தால் ஆண்கள் மட்டும் வருவார்கள், கொழுந்து பற்றி அதிகம் தெரிந்தவர்கள் வரமாட்டார்கள். ஆண்கள் இருக்கும் கூட்டத்தில் பெண்கள் பேசுவது குறைவு என்பதால் தனியாகவும் ஒருமுறை வையுங்கள்.

ஜூன் 29

மஸ்கெலியாக்காரர் மறுபடி வந்து, 2021 உரத் தடையை நினைவுபடுத்தியிருக்கிறார். நல்லது, நான் எழுதாமல் விட்டது அது. அந்த வருடம் மே மாதம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள், நவம்பரில் தளர்த்தினார்கள். 2021இல் கிட்டத்தட்ட 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை, 2022இல் 25 கோடியை ஒட்டி இறங்கியது. மரம் வெளுக்கிறது, கொழுந்து குறையும் என்று மலையில் நின்றவர்கள் முதல் சில மாதத்திலேயே சொன்னார்கள். யாரும் கேட்கவில்லை. பிறகு மரத்தில் இல்லாத கொழுந்துக்கு நோர்ம் மட்டும் இருந்தது. எவ்வளவு முயன்றாலும் பேர் விழாது என்று தெரிந்த பிறகு முயற்சி குறைவதைச் சோம்பல் என்று எழுதியவர்களை நான் மன்னிக்கத் தயாரில்லை.

ஆகஸ்ட் 17

கேள்வி கேட்ட பண்டாரவளைத் தம்பி ஏழு மாதம் கழித்து வந்திருக்கிறார். சந்தோஷம். ஊவா கச்சான் காற்றில், தரமான தேயிலை வரும் நேரத்தில், வாட்டம் போடுகிறவர்களிடம் நேரடியாகப் போய்க் கேட்டாராம். எந்தக் கட்டிலில் காற்று அதிகம் அடிக்கிறது, எதை முதலில் இறக்கவேண்டும் என்று ஒரு மணி நேரம் பேசினார்களாம். அதை எழுதிவைத்து இரவு ஷிஃப்டுக்கும் கொடுத்திருக்கிறார். எழுதியதில் அவர்கள் பெயரையும் போடுங்கள் தம்பி, உங்கள் பெயரில் மேலே போகவிடாதீர்கள்.

இப்போது அவர் கேட்பது, மலையில் உள்ள பெண்களிடமும் கேட்கலாமா, நோர்ம் விஷயத்தில் நான் என்ன வாக்குக் கொடுக்க முடியும் என்று. நல்ல கேள்வி, ஏனென்றால் நீங்கள் ஸ்டோர், நோர்ம் உங்கள் கையில் இல்லை. உங்களால் கொடுக்க முடியாத வாக்கை வாயால் கொடுக்காதீர்கள். முதலில் துரையிடம் போய் ஒரே ஒரு மலைக்கு மட்டும் கேளுங்கள். அந்த மலையில் ஆட்கள் என்ன வழி கண்டுபிடித்தாலும், எவ்வளவு கூட எடுத்தாலும், அடுத்த கவ்வாத்து வரை நோர்ம் ஏறாது என்று எழுதிக் கையெழுத்து வைக்கட்டும். புதிதாகக் கவ்வாத்து முடிந்து மட்டம் வெட்டிய மலையாக எடுங்கள், நாலு ஐந்து வருடம் கிடைக்கும். அதைப் பெரட்டில் வாசியுங்கள், தோட்டக் கமிட்டித் தலைவரிடம் ஒரு பிரதி கொடுங்கள். துரை கையெழுத்து வைக்க மறுத்தால் மலைக்குப் போய் யோசனை கேட்காதீர்கள், ஸ்டோரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வைத்தால், அந்த மலை எந்த டிவிசன், எத்தனை பேர், மரம் கிளைத்துண்டிலிருந்து வளர்த்த வீ.பீ.யா பழைய விதைத் தேயிலையா என்பதை இங்கே எழுதுங்கள். நிறுவையை எப்படி ஒழுங்கு செய்வது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.